சும்மா கிடந்த எந்திரம் ஏன் கெட்டுப்போகிறது?

ஓடுகிற எந்திரம் தேயும், ஒருநாள் நிற்கும். அதில் வியப்பு ஏதுமில்லை. ஓடவே ஓடாத எந்திரம் கெடுவதுதான் வியப்பு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு மகன் வெளிநாடு போகிறான். ஐந்தாறு வருடம் கழித்து வந்து உதைக்கிறான். கால் வலிக்கிறதே தவிர வண்டி இருமக்கூட இல்லை. திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கும் ஜெனரேட்டர், மூலையில் கிடக்கும் மருந்தடிக்கும் பம்ப் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். "ஏம்ப்பா, சும்மாதானே கெடந்துச்சு, எப்படிக் கெட்டுச்சு?" என்று கேட்டால், "சும்மா கெடந்ததாலதான் சார் கெட்டுச்சு" என்பார் மெக்கானிக். சொன்னது சரி. ஏன் என்பதுதான் பாக்கி.

அந்த ஏனுக்கு விடை தேட மிக நல்ல பாடப்பொருள் ஒன்று இருக்கிறது: பழைய செயின் சா. நம் ஊரில் மரம் அறுக்கும் மெஷின் என்பார்கள். பெட்ரோல் எஞ்சின், அதன் முன்னால் நீளமான ஒரு பட்டை, பட்டையைச் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி, அவ்வளவுதான். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளில் ஐம்பது அறுபது வருடப் பழைய சங்கிலி வாள்களைத் தேடிப் பிடித்து, பிரித்துத் துடைத்து, மறுபடி ஓடவைப்பதைப் பொழுதுபோக்காகவே செய்கிறவர்கள் நிறையப் பேர். தபால்தலை சேகரிப்பதைவிடக் கொஞ்சம் சத்தம் அதிகம். கையில் கரி ஒட்டும், வீட்டில் திட்டும் விழும். ஆனால் ஒரு வாளைப் பிரித்து மாட்டியவருக்கு, கிடக்கிற எந்திரத்தில் எது கெடுகிறது, எது கெடுவதில்லை என்பது கைப்பாடமாகிவிடும்.

கொட்டகையில் ஏன் இத்தனை வாள்கள்?

1926-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி வாள் ஒன்றைச் செய்தார். அடுத்த வருடம் எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவில் உள்ள டோல்மார் மலையில் பெட்ரோல் வாளைச் சோதித்துப் பார்த்தார். மலையின் பெயரே பிறகு கம்பெனியின் பெயராயிற்று. அந்த வாளின் எடை 58 கிலோ. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடிக்க வேண்டும். 1950-ல் ஸ்டீல் நிறுவனம் ஒருவரே தூக்கி அறுக்கும் பெட்ரோல் வாளை விற்கத் தொடங்கியபோதும் எடை 16 கிலோ இருந்தது.

விறகுக்காக வருடத்துக்கு நாலு நாள் மரம் அறுக்கிற சாதாரண வீட்டுக்காரர் கைக்கு வாள் வந்தது 1960-களில்தான். அமெரிக்காவின் ஹோம்லைட் நிறுவனம் எக்ஸ்.எல்-12 என்ற வாளைக் கொண்டுவந்தது. பெயரிலுள்ள 12, பட்டையும் சங்கிலியும் மாட்டாத வெற்று எஞ்சினின் எடை. 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது, வீட்டைச் சூடாக்க விறகுக்குத் திரும்பியவர்கள் ஆளுக்கொரு வாள் வாங்கினார்கள். எண்ணெய் மலிந்ததும் வாள் கொட்டகைக்குப் போயிற்று. இன்று சேகரிப்பவர்கள் அள்ளிவருவது பெரும்பாலும் இந்தத் தலைமுறை வாள்களைத்தான். அதிகம் ஓடித் தேய்ந்தவை அல்ல இவை. அதிகம் கிடந்தவை. நம் புதிருக்கு இதைவிடத் தோதான ஆள் கிடைக்காது.

தலைகீழாகப் பிடித்தாலும் ஓடுவது எப்படி?

பழுதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சின்ன வித்தையைப் புரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளைப் படுக்கப்போட்டால் சற்று நேரத்தில் நின்றுவிடும். காரணம், அதன் கார்புரேட்டருக்குள் ஒரு குட்டித் தொட்டியும், அதில் பெட்ரோல் மட்டத்தைக் காக்க மிதவை ஒன்றும் இருப்பது. மட்டம் சாய்ந்தால் கணக்குக் கெடும். தொடக்ககால வாள்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். அதனால் எஞ்சினை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, பட்டையை மட்டும் பக்கவாட்டில் திருப்பி அறுக்கும்படி அமைத்திருந்தார்கள்.

மரத்தின் மேல் கிளையை அறுப்பவர் வாளை எப்படி வேண்டுமானாலும் பிடிப்பார். மிதவை இங்கே உதவாது. அதற்குப் பதில் வந்ததுதான் சவ்வுக் கார்புரேட்டர். சவ்வு என்று நான் சொல்வது, ரப்பர் பூசிய மெல்லிய துணித்துண்டு. மெக்கானிக்குகள் டயாஃப்ரம் என்பார்கள். ஒரு கார்புரேட்டருக்குள் இரண்டு சவ்வுகள் உண்டு.

முதல் சவ்வின் வேலை பெட்ரோலை இறைப்பது. அதை ஆட்டுவதற்குத் தனி மோட்டார் கிடையாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே போகும்போது அதன் கீழே, கிராங்க் அறையில், வெற்றிடம் உண்டாகிறது. கீழே வரும்போது அதே அறையில் அழுத்தம் உண்டாகிறது. இந்த மூச்சை ஒரு சிறு துளை வழியாகக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறார்கள். உள்ளிழுத்தால் சவ்வு ஒரு பக்கம் வளையும், வெளிவிட்டால் மறுபக்கம். வாள் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் சவ்வு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. சவ்விலேயே நாக்குப் போல வெட்டிவிட்ட இரண்டு மடல்கள் வால்வு வேலை பார்க்கின்றன. பெட்ரோல் ஒரு திசையில்தான் போகும்.

இரண்டாவது சவ்வின் வேலை அளப்பது. அதன் ஒரு பக்கம் பெட்ரோல் நிறைந்த சிறு அறை. மறுபக்கம் வெளிக்காற்று. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்த அறையிலிருந்து பெட்ரோலும் உறிஞ்சப்படுகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. உடனே வெளிக்காற்று சவ்வை உள்ளே தள்ளும். சவ்வு ஒரு குட்டி நெம்புகோலை அமுக்கும், நெம்புகோல் ஊசியைத் தூக்கும், புதுப் பெட்ரோல் உள்ளே வரும். அறை நிறைந்ததும் ஸ்பிரிங் ஊசியை மூடிவிடும். இதில் மட்டம் என்ற பேச்சே இல்லை. தொட்டிக்குள் கிடக்கும் ரப்பர் குழாயின் நுனியில் கனமான வடிகட்டி ஒன்றைக் கட்டிவிட்டிருப்பார்கள். வாளை எப்படித் திருப்பினாலும் அது பெட்ரோல் இருக்கும் பக்கம் விழும்.

இந்த ஏற்பாடு முழுவதும் நம்பியிருப்பது, தாளை விடச் சற்றே தடித்த ரப்பர் துணி இளகலாக இருப்பதை. இரும்பு, மெக்னீசியம், அலுமினியம் எல்லாம் போட்டுச் செய்த எந்திரத்தின் உயிர் அந்த இரண்டு துண்டில்.

ஒரு வாளை மேசைமேல் வைப்போம்

கொட்டகையிலிருந்து வந்த எக்ஸ்.எல்-12 ஒன்று மேசைமேல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 54 சி.சி. எஞ்சின், ஒற்றை சிலிண்டர். கயிற்றை இழுத்தால் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. புதிதாக இறங்குகிறவர்கள் உடனே எல்லாத் திருகுகளையும் கழற்றிவிடுவார்கள். வேண்டாம். எஞ்சின் ஓட மூன்றே மூன்று வேண்டும்: கம்ப்ரஷன், பொறி, பெட்ரோல். இந்த வரிசையில் கேள்வி கேட்டால் எந்திரமே பதில் சொல்லிவிடும்.

கம்ப்ரஷனுக்குக் கருவியில்லாத சோதனை ஒன்று உண்டு. ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து, வாளைத் தொங்கவிடுங்கள். நல்ல எஞ்சின் விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கும். மளமளவென்று தரைக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும். கருவி வைத்து அளந்தால் 120 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் நிம்மதி. 90-க்குக் கீழே என்றால் பிஸ்டனையோ ரிங்கையோ பார்த்தாக வேண்டும். அளவைவிட எனக்கு நம்பகமானது கண். சைலன்சரைக் கழற்றினால் புகை வெளியேறும் வாய் வழியாகப் பிஸ்டனின் பக்கச்சுவர் தெரியும். வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலும் கீழுமாகக் கீறல் கோடுகள் ஓடியிருந்தால் அந்த வாளுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

அடுத்து பொறி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் உலோகப் பகுதியை எஞ்சின் உடம்பில் ஒட்டிவைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடித்துக் கயிற்றை இழுக்க வேண்டும். இந்தத் தலைமுறை வாள்களில் பொறியை உண்டாக்குவது காந்தச் சக்கரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் பாயின்ட். பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சொல்லே போதும். இரண்டு டங்ஸ்டன் பொட்டுகள் தொட்டுப் பிரிகின்றன, பிரிகிற கணத்தில் காயில் பல்லாயிரம் வோல்ட்டைக் கக்குகிறது. இங்கும் கிடந்ததே பழுது. ஓடும் எஞ்சினில் பொட்டுகள் தட்டித் தட்டித் தம்மைத் தாமே துடைத்துக்கொள்கின்றன. சும்மா கிடந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேலே ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்துகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் மின்சாரத்தைத் தடுக்கப் போதும். ஸ்பிரிட்டில் நனைத்த விசிட்டிங் கார்டு அட்டையைப் பொட்டுகளுக்கு நடுவே விட்டு இழுத்தால், அநேகமாகப் பொறி வந்துவிடும். காயில் மாற்று, கண்டன்சர் மாற்று என்று செலவில் இறங்குமுன் இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது, பெட்ரோல். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் எண்ணெய் கலந்த பெட்ரோல் சில சொட்டு விட்டு, ஃபில்டரை மாட்டிக் கயிற்றை இழுக்கிறோம். வாள் கர்ஜித்து இரண்டு மூன்று நொடி ஓடி, நின்றுவிடுகிறது. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. ஓடியதால் கம்ப்ரஷன் உண்டு, பொறி உண்டு. நின்றதால் தானாகப் பெட்ரோலை இழுக்கவில்லை. தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவேதான் குற்றவாளி.

அப்பளமாகிவிட்ட சவ்வு

எக்ஸ்.எல்-12 மேல்மூடியைத் திறந்தால் கார்புரேட்டர் கண்ணெதிரே இருக்கும். புதியவர்களுக்கு இந்த வாளைப் பரிந்துரைக்க இது ஒன்றே போதும். உள்ளே பொதுவாக இருப்பது டில்லட்சன் எச்.எஸ். வகை. அமெரிக்காவின் டொலீடோ நகரில் தொடங்கிய டில்லட்சன் கம்பெனி இப்போது அயர்லாந்தில் இருக்கிறது. சவ்வும் கேஸ்கெட்டும் அடங்கிய ரிப்பேர் கிட் இன்றும் கிடைக்கிறது. அறுபது வருடப் பழைய எந்திரத்துக்கு இதுவே பெரிய கொடுப்பினை.

மூடியைத் திறந்து அளக்கும் சவ்வை எடுத்துப் பாருங்கள். புதிய சவ்வை விரல் நுனியில் வைத்தால் துவண்டு விழும். பழையது அப்பளம் மாதிரி விறைப்பாக நிற்கும், வளைத்தால் படபடக்கும். சிலவற்றில் நடுத்தகட்டைச் சுற்றிச் சுருக்கம் விழுந்து அப்படியே இறுகியிருக்கும்.

ஏன் இறுகுகிறது? ரப்பர் என்பது நீளமான மூலக்கூறு இழைகளின் சிக்கல். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதற்காகத் தயாரிக்கும்போதே எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்களைச் சேர்க்கிறார்கள். இளக்கி என்று சொல்லலாம். பெட்ரோலில் ஊறிக்கிடக்கும் ரப்பரிலிருந்து இளக்கி கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோலுக்குள் கரைந்து வெளியேறும். அந்த இடத்தைப் பெட்ரோலே பிடித்துக்கொள்வதால், வாள் பயன்பாட்டில் இருக்கும்வரை ரப்பர் இளகலாகத்தான் இருக்கும். வாளை மூலையில் போட்டதும் பெட்ரோல் ஆவியாகிறது. இளக்கியும் போய்விட்டது, பெட்ரோலும் போய்விட்டது, இழைகளின் நடுவே வெறுமை. அதோடு ஆக்சிஜன் இழைக்கு இழை புதிய முடிச்சுகளைப் போடுகிறது. துணி தகடாகிவிடுகிறது.

வெளிக்காற்று தள்ளும் விசை மிகச் சிறியது. துவளும் சவ்வை அது வளைக்கும், தகட்டை வளைக்காது. நெம்புகோல் அசையாது, ஊசி தூக்காது, பெட்ரோல் வராது. இரண்டு மூன்று நொடி ஓடி நின்றதன் முழுக் கதையும் இவ்வளவுதான். உடைந்தது ஒன்றுமில்லை, தேய்ந்தது ஒன்றுமில்லை.

சவ்வை மாற்றும்போது கேஸ்கெட் முன்னா சவ்வு முன்னா என்ற வரிசை மாறிவிடாமல், பிரிக்கும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெம்புகோலின் நுனி அறையின் தரைமட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். உயர்ந்தால் பெட்ரோல் வழியும், தாழ்ந்தால் வராது. தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் குழாயையும் கூடவே மாற்றிவிட வேண்டும். சவ்வுக்கு நேர்ந்ததேதான் குழாய்க்கும் நேர்ந்திருக்கும், வெடிப்பு வழியே அது பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

பெட்ரோலும் சும்மா இருப்பதில்லை

கார்புரேட்டரின் நுண்துளைகளில் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போல ஒன்று படிந்திருக்கும். அது பழைய பெட்ரோல். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கூட்டம். இலேசானவை முதலில் பறந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் தீப்பிடிக்க அவைதான் வேண்டும். மிஞ்சியவற்றில் சில காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். தலைமயிர் நுழையச் சிரமப்படும் துளையை அடைக்க எவ்வளவு பிசின் வேண்டும்?

இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனாலும் சேர்கிறது. இந்தியாவில் 20 சதவீதம் வரை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய வாள்களின் ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல. எக்ஸ்.எல்-12 போன்றவற்றில் தொட்டியே மெக்னீசிய வார்ப்பு. ஈரம் பட்டால் அரிக்கும். ஆகவே பழைய வாளில் பெட்ரோலை வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஓட்டி முடித்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, மீதியை எஞ்சினே குடித்து நிற்கும்வரை விட்டுவிடுவது நல்ல பழக்கம்.

எண்ணெய்க் கலப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல பழைய வாள்களின் மூடியில் 16-க்கு 1 என்று போட்டிருப்பார்கள். அது அந்தக்கால எண்ணெய்க்கான கணக்கு. இன்றைய டூ ஸ்ட்ரோக் எண்ணெய் அதைவிட எவ்வளவோ மேலானது. சேகரிப்பவர்கள் பெரும்பாலும் 32-க்கு 1 கலக்கிறார்கள், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 31 மில்லி.

ஓடிவிட்டது என்று ஏமாற வேண்டாம்

புதுச் சவ்வோடு வாள் ஓடுகிறது. இங்கேதான் பலர் வாளைக் கொல்கிறார்கள்.

கிராங்கின் இரண்டு முனைகளிலும் ரப்பர் சீல் உண்டு. சவ்வை இறுக்கிய அதே வருடங்கள் இவற்றையும் இறுக்கியிருக்கும். பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறையில் வெற்றிடம் என்று பார்த்தோம். இறுகிய சீலின் ஓரமாக வெளிக்காற்று உள்ளே புகும். கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவையில் அளக்காத காற்று சேர்கிறது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த இதை வறண்ட கலவை என்போம்.

காரில் வறண்ட கலவை என்றால் இழுவை குறையும். டூ ஸ்ட்ரோக்கில் அதோடு நிற்காது. இங்கே எஞ்சினுக்கு எண்ணெய் போவதே பெட்ரோலோடு கலந்துதான். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். ஆவியாகும் பெட்ரோல் உள்ளிருந்து எடுத்துச்செல்லும் வெப்பமும் குறையும். எரிதலின் சூடு ஏறும். அலுமினியப் பிஸ்டன் விரியும், எண்ணெயில்லாத சுவரில் உரசும், உரசலால் இன்னும் சூடாகும். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தபோது சொன்னேனே, மேலும் கீழுமான கீறல்கள், அவற்றின் பிறப்பு இப்படித்தான். கொடுமை என்னவென்றால், சாவதற்குச் சற்று முன்புவரை வாள் மிக அருமையாக, கூர்மையான குரலில், அதிவேகமாக ஓடும். புதியவர் "என்னமா ஓடுது!" என்று மகிழ்ந்துகொண்டிருப்பார்.

அறிகுறிகள் உண்டு. சங்கிலி ஓடாத மெதுவான ஓட்டத்தில் வேகம் நிலையாக இல்லாமல் ஏறி இறங்கும். வாளை ஒரு பக்கம் சாய்த்தால் வேகம் கூடும். முடுக்கியை விட்ட பிறகும் வேகம் உடனே தணியாது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் துளை வழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ ஐந்தாறு பி.எஸ்.ஐ. காற்றடித்து, சோப்புத் தண்ணீர் பூசினால் கசிகிற இடத்தில் குமிழி வரும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குகிற அதே தத்துவம். சீல்கள் மலிவு, பிஸ்டன் மலிவல்ல, சில மாடல்களுக்குப் பிஸ்டன் கிடைப்பதே இல்லை.

கார்புரேட்டரில் இரண்டு திருகுகள் இருக்கும், ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு, மற்றது முழுவேகத்துக்கு. மெல்ல இறுக்கி மூடி, ஒவ்வொன்றையும் ஒரு சுற்றுத் திறந்துவைத்துத் தொடங்குவது வழக்கம். சுமையில்லாமல் முழுவேகத்தில் வாள் கொஞ்சம் குழறினால், பெட்ரோல் சற்று அதிகம் போகிறது என்று பொருள். மரத்தில் வைத்து அழுத்தியதும் குழறல் நின்று குரல் சுத்தமானால் அளவு சரி. குழறலைப் பழுது என்று நினைத்துத் திருகை இறுக்குகிறவர்கள் தாங்களாகவே வறண்ட கலவையை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

எதைத் துடைப்பது, எதை விடுவது

அந்தக்கால வாள்களின் உடம்பு பெரும்பாலும் மெக்னீசியம். கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம்தான், அலுமினியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இந்த இலேசுக்கு விலை உண்டு. திருகை முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை கழன்றுவிடும். துரு நீக்குவதற்காக வினிகரிலோ அமிலத்திலோ ஊறப்போட்டால் வார்ப்பே கரையத் தொடங்கும். இழைத்த தூள் தீப்பிடிக்கும், அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாகும். மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், பொறுமை, இவை போதும்.

பெயின்ட் விஷயத்தில் சேகரிப்பவர்கள் இரண்டு கட்சி. ஷோரூமிலிருந்து வந்ததுபோல மினுக்குகிறவர்கள் ஒரு பக்கம், அழுக்கை மட்டும் எடுத்துவிட்டுத் தழும்புகளை விட்டுவைப்பவர்கள் மறுபக்கம். என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். தேய்ந்துபோன மாடல் தகட்டையும் தொழிற்சாலை ஸ்டிக்கரையும் திரும்பக் கொண்டுவர முடியாது. உதிரிப்பாகம் தேடுவதற்கு அந்தத் தகட்டில் உள்ள எண்தான் ஒரே வழி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புழு கற்றுக்கொடுத்த சங்கிலி

எஞ்சின் ஓடுவது பாதி வேலை. மரத்தை அறுப்பது சங்கிலி. 1940-கள் வரை சங்கிலியின் பற்கள் கைரம்பத்துப் பற்களைப் போல நேராக நின்று மரத்தைப் பிராண்டின, சீக்கிரம் மழுங்கின. 1946-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், ஒரு வண்டின் புழு கெட்டியான மரத்தை நார் நெடுகவும் குறுக்கேயும் ஒரே சுலபத்தில் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவின. அதைப் பார்த்து இடது பல், வலது பல் என்று மாற்றி மாற்றி வைத்த வளைந்த பற்களைச் செய்தார். இன்று கடையில் வாங்கும் சங்கிலியும் அடிப்படையில் அதுவே.

அதன் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது மரியாதையை வரவழைக்கும். பரவலான ஒரு சங்கிலியில், அதைச் சுழற்றும் பற்சக்கரத்தின் ஒரு பல்லுக்குச் சங்கிலி முக்கால் அங்குலம் நகரும். ஏழு பல் என்றால் ஒரு சுற்றுக்கு ஐந்தேகால் அங்குலம், 13 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 150 சுற்று, அதாவது நொடிக்கு 20 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் பற்கள் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடுகின்றன.

பட்டையின் நுனியின் மேற்பாதி எதிலாவது பட்டுவிட்டால், மரத்தைச் சீவ முடியாத சங்கிலி வாளையே பின்னால் எறியும். பின்னுதை என்று வைத்துக்கொள்ளலாம். கை சுதாரிப்பதற்குள் வாள் முகத்துக்கு வந்துவிடும். இன்றைய வாள்களில் கைக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கிறது. அது தள்ளப்பட்டதும் சங்கிலி நொடியின் சிறு பகுதிக்குள் நிற்கும். இந்த பிரேக் 1970-களில்தான் பரவியது. எக்ஸ்.எல்-12 தலைமுறையில் கிடையாது. அதிர்வைத் தாங்கும் ரப்பரும் அப்போதைய வாள்கள் பலவற்றில் இல்லை. அவற்றை வருடக்கணக்கில் பிடித்த மரவெட்டிகளின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போயின. ஆகவே பழைய வாளை ஓடவையுங்கள், ஓரிரு கட்டைகளை அறுத்து ஆசை தீருங்கள், முகக்கவசமும் காதடைப்பும் கால்கவசமும் போட்டுக்கொண்டு. தினசரி வேலைக்கு பிரேக் உள்ள புது வாள்தான் சரி.

முதல் வாள்

முதலில் வாங்குவது அபூர்வமானதாக இருக்கக் கூடாது. இரண்டு பேர் பிடிக்கும் பழைய ராட்சத வாள் பார்க்க அழகுதான், ஆனால் ஒரு சீலுக்காக உலகம் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். ஏராளமாக விற்ற மாடல், கயிற்றை இழுத்தால் சுற்றுகிற எஞ்சின், கீறலில்லாத பிஸ்டன், உடையாத வார்ப்பு, கழற்றப்படாத திருகுகள் ஆகியவைதான் முக்கியம். அழுக்கைப் பொருட்படுத்தாதீர்கள். யாரோ பாதி பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுப்பதை மட்டும் இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸில் 2002-ல் வந்த சட்டப்படி செயின் சா வைத்திருக்கவே பதிவு வேண்டும். நம் பக்கத்திலும் வாங்குமுன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் அந்தக்கால அமெரிக்க வாள் கிடைப்பது அரிது. அதற்காக ஏங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தோளில் மாட்டிப் புல் வெட்டும் பெட்ரோல் மெஷின் எந்தத் தோப்பிலும் ஒன்று மூலையில் கிடக்கும். அதற்குள் இருப்பதும் அநேகமாக இதே சவ்வுக் கார்புரேட்டர்தான். சவ்வுக் கிட் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுமுன் அதன் கார்புரேட்டரைத் திறந்து, சவ்வை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். துவளாமல் நின்றால், அந்த மெஷினை எடைக்குப் போட வேண்டாம்.